ஹொல்கர், அது யார்?

எனக்குக் கறுவம் வைக்கத் தெரியும். அதை ஒரு குறையாக நான் நினைப்பதில்லை. எண்பத்துமூன்றில் கொழும்பில் எங்கள் வீட்டுக்கு நெருப்பு வைத்தவன் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கோபத்தை எவன் தலையில் இறக்குவது என்று தெரியாமல் டென்மார்க் வரைக்கும் சுமந்துகொண்டு வந்திருந்தேன். 1986 வசந்தத்தில், ஹேர்னிங்கில் நான் வேலை செய்த பின்னலாடைத் தொழிற்சாலையில், அதற்கு ஒரு தலை அகப்பட்டது. அவன் என்னுடைய எதிரி அல்ல, கரம் சிங் அண்ணையின் எதிரி. இருந்தாலென்ன, இவனுடைய பெயராவது தெரியும்.

கரம் சிங் 1971இல் பஞ்சாபிலிருந்து அங்கே வந்த நாலு சீக்கியர்களில் ஒருவர். அந்தத் தொழிற்சாலை கண்ட முதல் வெளிநாட்டுக்காரர்கள் அவர்கள்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டு நேரத்தில் என்னுடைய சோற்றுப் பெட்டியைத் திறந்ததும் முழு மேசையும் மூக்கைச் சுருக்கியது. இவர் மட்டும் எழுந்து வந்து பக்கத்தில் இருந்து, ஒரு கரண்டி கறி கேட்டு வாங்கித் தின்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணை, நான் அவருக்குத் தங்கச்சி. அவருடைய டெனிஷும் என்னுடைய டெனிஷும் ஒன்றுக்கொன்று சளைக்காத நொண்டி. ஆகவே அங்கே பேசியதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே தருகிறேன். டெனிஷ்காரருக்கு முதலாளியும் ‘நீ’தான், கூட்டித் துடைப்பவரும் ‘நீ’தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேற்பார்வையாளன் ஹொல்கருக்கு அந்த மே மாதம் இருபத்தைந்து வருட சேவை நிறைவு. கன்டீனில் விருந்து, கொடி, பியர், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் எல்லாம் ஏற்பாடு. விருந்துக்கென்று ஹொல்கர் தானே ஒரு பழைய படத்தைத் தேடி எடுத்து, கதவளவு பெருப்பித்து, கன்டீன் சுவரில் மாட்டுவதற்குக் கொண்டுவந்தான். கீழே ‘எங்கள் முதல் இந்தியர்கள், 1971’ என்று எழுதியிருந்தது. தலைமயிரை ஒட்ட வெட்டி, முகம் மழித்த நாலு வாலிபர்கள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

“அண்ணை, இந்த இடது பக்கத்து ஆள் நீங்களோ? என்ன வடிவாய் இருக்கிறியள்!” என்று கேட்டுவிட்டேன். அவர் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார், அது இருக்கிறதா என்று பார்ப்பவர்போல. பிறகு என்னைத் துணிக்கட்டுகள் அடுக்கிய அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“நாங்கள் வரேக்கை தாடியும் தலைப்பாகையுமாய்த்தான் வந்தனாங்கள்,” என்றார். “ஹொல்கர் வாசல்லயே மறிச்சவன். மெசினுக்குள்ள மயிர் போகுமாம். ‘முடியா, வேலையா? இப்ப சொல்லுங்கோ’ எண்டான். இறுக்கிக் கட்டுறம், தாடிக்கு வலை போடுறம் எண்டு கெஞ்சினம். கேக்கேல்லை. அதே மெசினில இடுப்பளவு கூந்தல் வைச்ச பொம்பிளையள் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்தவை, தங்கச்சி. எங்களுக்கு மட்டும்தான் ஆபத்து. எங்கட மார்க்கத்தில பிறந்த நாளில இருந்து மயிரில கத்தி படக்கூடாது. இதே கன்டீனில, துணி வெட்டுற கத்தரியால வெட்டினவை. வெட்டி முடிஞ்ச கையோட ஹொல்கர் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்து ‘சிரியுங்கோ’ எண்டான்.”

“சிரிச்சியளே?”

“வேலை வேணுமே.”

இரண்டு வருடத்துக்கு முன்பு, அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் இராணுவம் புகுந்த செய்தி கேட்ட அன்று, இனிக் கத்தரி படாது என்று முடிவெடுத்து, முடி வளர்த்து, மறுபடியும் தலைப்பாகை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தவர் அவர்; பதின்மூன்று வருடம் வேலை செய்தவரை இந்த முறை ஹொல்கர் வாசலில் மறிக்கவில்லை. அடுத்த மாதம் கோபன்ஹேகனில், ஒரு வீட்டில் அவர்கள் நடத்தும் கோயிலில், டென்மார்க்குக்கு முதல் முதல் வந்த சீக்கியர்களை நினைவுகூர ஒரு விழா வைத்திருந்தார்கள். மேடையில் அவரையும் அழைத்து மாலை போடுவதாக இருந்தது. இந்தப் படம் பத்திரிகையில் வந்தால் எந்த முகத்தோடு அங்கே போவது என்றுதான் அவர் கலங்கினார். சீக்கியனை வெறுந்தலையோடு சுவரில் மாட்டுவதும் அம்மணமாக மாட்டுவதும் ஒன்றுதான் என்றார்.

அவர் ஹொல்கரிடம் போய் மரியாதையாகவே கேட்டார், இந்தப் படம் வேண்டாம் என்று. ஹொல்கர் அவருடைய தோளில் தட்டினான். “இதுதான் உன்ரை நல்ல படம். அப்பதான் நீ மனிசர் மாதிரி இருந்தனி.” நான் நாலடி தள்ளி நின்று கேட்டேன். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது என்னுடைய அவர், அந்தோனிதாசன், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். “வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விடாதை. இந்த வேலை எடுக்க என்ன பாடுபட்டனாங்கள்?”

“ஓம், ஓம்,” என்றேன். அவருக்கு என்னுடைய ‘ஓம்’ தெரியும். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

டெனிஷ்காரரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிறந்தநாளோ வெள்ளிவிழாவோ, விழாவுக்குரியவரைப் பற்றி யாராவது ஒரு பாட்டுக் கட்டுவார்கள். மெட்டு எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டு, சொற்கள் புதியவை. தாளில் அச்சடித்து, சுருட்டி, நாடா கட்டி ஒவ்வொரு கோப்பைக்கும் பக்கத்தில் வைப்பார்கள். முன்கூட்டிப் பிரித்துப் படிப்பது அழகில்லை. எல்லோரும் ஒன்றாகப் பிரித்து ஒன்றாகப் பாடவேண்டும். தொடங்கினால் கடைசி அடிவரை பாடியே ஆகவேண்டும், இடையில் நிறுத்தினால் விழாவுக்குரியவருக்கு அவமரியாதை. எங்கள் தொழிற்சாலையில் இந்தப் பாட்டுகளைக் கட்டுபவள் இங்கர். எனக்கு அடுத்த மெசினில் இருந்தவள், அறுபது வயதுக்காரி. ஹொல்கரின் பாட்டும் அவளிடம்தான் வந்திருந்தது.

நான் அவளிடம் நேரே போய்க் கேட்டேன். “எழுபத்தொண்டில நடந்ததை அந்தப் பாட்டில எழுதுவியா?”

அவள் மெசினை நிறுத்தினாள். முகம் சிவந்து, பிறகு வெளிறியது. “அந்தக் கத்தரி என்ரை,” என்றாள். “கேட்டான், எடுத்துக் குடுத்தனான். பதினைஞ்சு வருசமாய் ஒருத்தரும் என்னட்டை இதைப் பற்றிக் கேக்கேல்லை.”

கரம் சிங் அண்ணை இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தார். “பொய் ஒண்டும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதட்டும். எல்லாற்றை வாயாலும் அவன் கேக்கவேணும்.” அப்போது அவருடைய கண்ணில் நான் கண்டதுதான் என்னுடைய கண்ணிலும் இருந்திருக்கும். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும்.

விருந்து பிற்பகல் இரண்டு மணிக்கு. படம் சுவரில் ஏறியிருந்தது, அதன் கீழே ஹொல்கர் புதுச் சூட்டோடு மனைவி பக்கத்தில் வீற்றிருந்தான். முதலாளி பேசினார், பத்திரிகைக்காரர் குறிப்பெடுத்தார். ‘அந்நியருக்குக் கதவு திறந்தவர்’ என்று முதலாளி சொன்னபோது ஹொல்கர் அடக்கமாகத் தலையைக் குனிந்தான். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. பிறகு இங்கர் எழுந்து மெட்டைச் சொன்னாள். நூறு பேர் நாடாவை அவிழ்த்தார்கள்.

பாட்டு தமிழில் சுமாராக இப்படி வரும்:

*ஈரக் காற்றில் சைக்கிள் மிதித்து*
*இருபது மைல் வந்தவர் யார்?*
*பனியில் விழுந்தும் பிந்தாதவர் யார்?*
*ஹொல்கர், அது யார்?*

“நான்தான்!” என்று ஹொல்கர் பியர்க் கோப்பையைத் தூக்கினான். மண்டபம் சிரித்தது. இங்கருக்குத் தொழில் தெரியும்.

*பத்து மணிக்கு முன் பசித்துப் போய்ப்*
*பக்கத்து மேசைப் பாண் தின்றவர் யார்?*
*மீசையில் வெண்ணெய் மறந்தவர் யார்?*
*ஹொல்கர், அது யார்?*

“நான்தான்!” மனைவி அவனுடைய தோளில் குத்தினாள். எல்லோரும் மேசையில் தட்டினார்கள். அதே உற்சாகத்தோடு மூன்றாவதற்குள் இறங்கினார்கள்.

*நாலுபேர் வந்தார் கடல்பல கடந்து,*
*நனைந்த சப்பாத்தோடு வாசலில் நின்றார்.*
*முடியா வேலையா என்றவர் யார்?*
*ஹொல்கர், அது யார்?*

“நான்தான்!” என்றான் ஹொல்கர்.

சொன்ன பிறகுதான் அவனுக்குக் கேட்டது. கோப்பை பாதி வழியில் நின்றது. பாடிக்கொண்டிருந்தவர்கள் தாளைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், மறுபடியும் தாளைப் பார்த்தார்கள். ஆனால் பாட்டு என்றால் பாட்டுத்தான். குரல் தணிந்ததே தவிர நிற்கவில்லை. அவனுடைய மனைவியும் பாடினாள்.

*கத்தரி கொடுத்தவள் இங்கர், நானே.*
*கண்ணீர் விட்டவர் நாலு பேர்தான்.*
*படத்துக்குச் சிரியென்று சொன்னவர் யார்?*
*ஹொல்கர், அது யார்?*

இந்த முறை அவன் வாய் திறக்கவில்லை. நூறு பேர் அவனுக்கு மேலே தொங்கிய படத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. பத்திரிகைக்காரர் தன்னுடைய பாட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்ததை நான் கண்டேன். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது எனக்கு.

பாட்டு முடிந்தால் வாழ்த்துச் சொல்லவேண்டும். ஒருவர் எழுந்து ‘இன்னார் நீடு வாழ்க’ என்று கூவ, மற்றவர்கள் மூன்று தரம் ‘ஹுறா’ போடுவார்கள். எழும்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை. கரம் சிங் எழுந்தார்.

“படத்தைக் கழட்டு,” என்றார்.

ஹொல்கர் முதலாளியைப் பார்த்தான். முதலாளி தன்னுடைய தட்டைப் பார்த்தார். ஹொல்கர் கதிரையில் ஏறி, புதுச் சூட்டில் சுவர்த்தூசி படிய, படத்தைத் தானே கழற்றி இறக்கினான்.

“இனி வாழ்த்து. படத்தில நிக்கிற நாலு பேருக்கும் நீதான் கூப்பிடவேணும்.”

“கரம் சிங் நீடு வாழ்க,” என்றான் ஹொல்கர். மண்டபம் ஹுறா போட்டது. பிறகு அவன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்ற மூன்று முகத்துக்கும் அவனிடம் பெயர் இல்லை. கதவளவு படம், கதவு திறந்தவர், பெயர் தெரியாது. கரம் சிங் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். தலீப் சிங். நிரஞ்சன் சிங். ஒவ்வொன்றுக்கும் ஹொல்கர் கூவினான், மண்டபம் பதில் போட்டது. இங்கருடைய குரல்தான் எல்லாவற்றிலும் உரத்துக் கேட்டது.

“பூரண் சிங்,” என்றார் கரம் சிங்.

“அவன் இப்ப எங்க?” என்று ஹொல்கர் மெதுவாகக் கேட்டான்.

“செத்துப்போனான். இஞ்ச வந்த முதல் குளிரிலயே, நெஞ்சில சளி கட்டி. தலைப்பாகை கட்டித்தான் எரிச்சனாங்கள். உள்ள முடியிறதுக்கு மயிர் இல்லை. சொல்லு.”

ஹொல்கர் படத்தின் பக்கம் திரும்பினான். “பூரண் சிங்… நீடு வாழ்க.” குரல் பாதியில் உடைந்தது. யாரோ ஒருத்தி என் காதருகில் “பாவம் மனிசன்” என்றாள். எனக்குப் பாவமாக இல்லை.

“கேக்கேல்லை,” என்றார் கரம் சிங். “இன்னொருக்கால்.”