அக்காவுக்குத் தெரிய வேண்டாம்

தையல்காரி உள்ளே நுழைந்ததும் சலவைக்கூடத்தில் பேச்சு பட்டென்று நின்றது. துவாலைக் குவியலுக்குப் பின்னால் யாரோ எதையோ தள்ளினார்கள். மிஷின்காரர் வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கன்னம் உப்ப நின்று, சலவை மிஷினின் கண்ணாடிக் கதவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சுற்றுவது ஓட்டல் படுக்கை விரிப்பு இல்லை, ஏதோ நல்ல சினிமா என்பதுபோல.

"என்ன, எல்லாரும் வாய்ல பூட்டு போட்டுக்கிட்டீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. மேனேஜர்தான் வர்றாரோன்னு பயந்துட்டோம்" என்றாள் மடிப்புப் பெண் ஒருத்தி.

இஸ்திரிப் பெண் மட்டும் நிமிரவே இல்லை. எந்நேரமும் நீராவி பறக்கும் அந்தப் பெரிய இஸ்திரி மிஷினோடு மல்லுக்கட்டுகிறவள், இன்று மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. முகம் வெளிறி இருந்தது. ஆனால் அந்த வெளிறிய முகத்துக்குள்ளிருந்து ஏதோ ஒன்று சிரித்துக்கொண்டே இருந்தது.

தையல்காரிக்கு விளங்கிவிட்டது. அப்பாடா என்று முதலில் மனசு குளிர்ந்தது. அடுத்த நொடியே, ஊருக்கெல்லாம் தெரிந்த சேதி தனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று யோசித்தவளுக்குக் காது மடல் சுட்டது. பாவம் அக்கா, அக்காவுக்குத் தெரிய வேண்டாம், மனசு நோகும் என்று இவர்கள் கூடிப் பேசி மறைத்திருக்கிறார்கள். அவள் மனசு நோகாமல் இருப்பதற்காக மிஷின்காரர் இனிப்பை முழுசாக விழுங்கிவிட்டு விக்கிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் அவள் இழுத்து விட்டுக்கொண்டதுதான். இதற்கு முன்னால் வேலை பார்த்த துணிக்கடையில் உண்மையைச் சொல்லிப் பட்டது போதும் போதுமென்றிருந்தது. 'எங்களுக்குப் பிள்ளை வேணாம்னு இருக்கோம்' என்று சொன்ன நாளிலிருந்து விட்டார்களா? வேணாம்னா என்ன அர்த்தம், வீட்டுக்காரருக்கு ஏதாவது குறையா, வயசான காலத்தில் யார் ஒரு வாய் தண்ணி குடுப்பா, மாமியார் எப்படிச் சும்மா இருக்கா என்று சாப்பாட்டு நேரம் முழுக்க அவள் வயிற்றைப் பற்றியே பேச்சு. நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள், அதுதான் இன்னும் கொடுமை. இந்த ஓட்டலில் சேர்ந்த அன்று, 'எத்தனை குழந்தைங்கக்கா?' என்று ஒருத்தி ஆரம்பித்ததும், வாய் தானாகவே சொல்லிவிட்டது: 'எங்களுக்கு அந்தக் குடுப்பினை இல்லம்மா.' அவ்வளவுதான். குழாயைத் திருகி அடைத்தாற்போல அத்தனை வாயும் அடைத்தது. மறுநாள் மின்விசிறிக்குக் கீழே இருந்த நல்ல இடத்தை அவளுடைய தையல் மிஷினுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். பொய் சொன்னதற்கு இவ்வளவு காற்று வருமென்றால் யார்தான் எழுந்து போவார்கள்? அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

இஸ்திரிப் பெண் வேலைக்கு வந்த பிறகுதான் அந்த இடம் முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. அவள் பிள்ளைக்காக நிஜமாகவே ஏங்கியவள். சிகிச்சை தோற்ற ஒவ்வொரு முறையும், கிழிந்த விரிப்பைத் தைக்கக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். "உங்களுக்குத்தான்க்கா புரியும். மத்தவங்களுக்கு என்ன தெரியும்?" என்பாள். பிள்ளை வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றாத தையல்காரி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்கும் ஊசி போட்டார்கள், வலி உயிர் போகும் என்றெல்லாம் அளந்தாள். நீங்க எப்பக்கா விட்டீங்க என்று கேட்டபோது, வாயில் வந்ததை, மூன்றாவது தடவையோடு விட்டுவிட்டோம் என்று சொல்லித் தொலைத்தாள். அப்புறம் அந்தப் பெண் மூன்றாவதும் தோற்றுப்போய் வந்து, "நீங்களே மூணோட விட்டுட்டீங்க, நானும் விட்டுடறேன்க்கா" என்றதும் தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "என்னைப் பாத்து நீ விடாதடி, என்னைப் பாக்காத" என்று கெஞ்சி அழுதாள். அந்தப் பெண் அதையும் அன்பு என்றே எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வேன்காரர் வாசலில் வந்து ஹாரன் அடித்தார். தையல்காரியின் வீட்டுக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு, கடைசியாக மனைவியை ஏற்றிக்கொண்டு போவார். வாளியைக் கழுவிவிட்டுத் தள்ளாடி வந்த இஸ்திரிப் பெண்ணைப் பார்த்ததும், "ஏம்மா, பஸ்ஸுல போற நிலைமையிலயா இருக்க? ஏறு, வீட்டுல விட்டுடறேன்" என்றார். தையல்காரி வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் ஏறிவிட்டாள்.

பாதி வழியில் அவளுக்குக் குமட்டியது. வேன் ஓரம் கட்டியது. வாந்தி எடுத்துவிட்டு வந்தவளிடம், "மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்கலயா?" என்று வேன்காரர் கேட்டதுதான் தாமதம், அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.

"சாப்பாடு இல்லண்ணா. அக்கா, என்னை மன்னிச்சிருங்க. இந்தத் தடவை கரு தங்கிருச்சு. உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன். ஆனா உங்க மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

"அட, நல்ல சேதிம்மா! அதுக்கு எதுக்கு மன்னிப்பு?" வேன்காரர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"உங்க ரெண்டு பேருக்கும் மனசு கஷ்டப்படாதாண்ணா?"

"எங்களுக்கு என்ன கஷ்டம்? வேணாம்னு கல்யாணத்துக்கு முன்னாடியே பேசி முடிச்சதாச்சே. 'ஆசை வரும் வரும்னு பாத்தேன், வரல'ன்னு இவதான் சொன்னா. எனக்கு இந்த வேன்ல ஏறுற வாலுங்களே போதும்னு நானும் சொல்லிட்டேன்."

"அப்ப... அக்காவுக்குப் போட்ட ஊசி?"

"இவளுக்கா? ஜுரத்துக்கு ஒரு ஊசி போடணும்னாகூட ஆஸ்பத்திரிய விட்டு ஓடிருவாளேம்மா!"

சொல்லிச் சிரித்துக்கொண்டே கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இரண்டு பெண்களின் முகத்திலும் ஈயாடவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. தையல்காரி, பிள்ளைகளுக்காகப் போட்ட அந்தக் குட்டை சீட்டில் முழங்கால் இடிக்கக் குறுகி உட்கார்ந்திருந்தாள். இன்னும் குறுகலாம் என்றால் குறுகியிருப்பாள்.

"நாம என்ன திருட்டா பண்ணோம்?" வேன்காரர் சாலையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார். "இதச் சொல்ல உனக்கு அவ்வளவு கூச்சமா?"

வேண்டாம் என்று முடிவெடுத்தபோது வராத வெட்கம் இப்போது உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வழிந்தது.

தெரு முனையில் வேன் நின்றது. இஸ்திரிப் பெண் நிதானமாக இறங்கி, திரும்பி நின்றாள்.

"பிள்ள வேணாம்னு இருந்தீங்க. அது உங்க இஷ்டம்க்கா, அதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நான் அழுதப்ப எல்லாம் நீங்களும் அழுதீங்களே. அது?"

"அது நிஜம்டி" என்றாள் தையல்காரி. அவள் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

அந்தப் பெண் நம்பினாளோ இல்லையோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேனின் பக்கவாட்டுக் கதவு துருப்பிடித்திருந்தது. வெளியே ஒருத்தர் தள்ள, உள்ளே ஒருத்தர் இழுத்தால்தான் மூடும். அவள் வெளிப்பக்கம் கை வைத்தாள். தையல்காரியும் உள்ளே பிடியைப் பற்றினாள். வேன்காரர் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். அவள் தள்ளவில்லை. இவளும் இழுக்கவில்லை. கதவு இரண்டு கைகளுக்கும் நடுவில் லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது.