786இல் முடியும் நம்பர்

எனக்குக் கோபம் வந்தால் மஸ்கட் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர்கள் பறக்கும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். சுத்தப் பொய். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு ஸ்பானர்தான் பறந்தது. அதுவும் ஹுசைனா போனில் சொன்ன சேதியைக் கேட்டு.

“ஆர்.சி. திரும்பிப் போயிடுச்சுங்க.”

ஹுசைனா என் மனைவி. திருத்தணியில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் லீவில் ஜூன் மாதம் ஊருக்குப் போனபோது ஒரு குட்டி யானை வாங்கினோம். சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஓட்டப் போவது அவள். நான் இங்கே ஊரான் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த காலத்தில் அவள் லைசென்ஸ் எடுத்து, கே.ஜி.கண்டிகை ரோட்டில் ஓட்டிப் பழகி, பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி வீராசாமியிடம் வேலையும் பேசி வைத்திருந்தாள். லுங்கி பண்டல்களை நகரி, புத்தூர் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். வீராசாமி போட்டது ஒரே நிபந்தனை.

“ஆந்திராவுக்குள்ள போற வண்டிம்மா. செப்டம்பர் ஒண்ணாந்தேதி ஆர்.சி. கையில இருக்கணும். இல்லன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன்.”

வண்டியை மட்டும் என் பெயரில் பதிந்தேன். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

தபால்காரர் மூன்று நாள் வந்து போயிருக்கிறார். ஆடிக் கிருத்திகை வாரம் எங்கள் தெருவில் தடுப்புக் கட்டி, காவடிக் கூட்டத்தை அந்த வழியாக விடுவார்கள். வருஷா வருஷம் அந்த வாரம் ஹுசைனா அரக்கோணத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். வீடு பூட்டியிருந்ததால் கவரில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். யாரோ எடுத்து ராங் நம்பர் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆர்.சி. கார்டு வந்த வழியே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் திரும்பிவிட்டது.

அந்த ராங் நம்பர் என் கைங்கரியம். மஸ்கட் வருவதற்கு முன்னால், கடை கடையாக அலைந்து 786இல் முடியும் நம்பர் ஒன்று வாங்கியிருந்தேன். எங்கள் வீடுகளில் அந்த எண் என்றால் பரக்கத், இறைவன் அருள். பெருமை தாங்காமல் ஆதார் முதல் ரேஷன் கார்டு வரை அதையே கொடுத்தேன். இங்கே வந்ததும் ரீசார்ஜ் செய்ய மறந்து சிம் செத்துப்போனது. கம்பெனிக்காரன் நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஷோரூமில் படிவத்தை நீட்டியபோது கை தானாக அந்த நம்பரையே எழுதியது.

ஹுசைனா ஆபீசுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

“ஓனர் நேர்ல வரணுமாம். இல்லன்னா ஆன்லைன்ல எழுதிப் போடணும். ஓனர் நம்பருக்கு ஓடிபி வரும். அதப் போட்டா நம்பரையும் மாத்திக்கலாம், கார்டும் மறுபடி தபால்ல வரும்.”

“அந்த நம்பருதான் நம்மகிட்ட இல்லியே!” என்று கத்தினேன்.

மேனேஜரிடம் லீவு கேட்டேன். இப்போதுதானே போய் வந்தாய் என்று சிரித்தான். அந்த எரிச்சலில் ஹுசைனாவைக் கூப்பிட்டு, “பேசாம வண்டிய வித்துடு” என்றேன். அவள் போனை வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் எதுவும் பறக்காது. வேலை நடக்கும்.

மறுநாள் அவளே அந்த 786ஐக் கூப்பிட்டிருக்கிறாள். ஐந்து வருடத்தில் எனக்கு ஒருநாள் தோன்றியதா அது? எடுத்தது மனோரமா என்கிற நெசவுக்கார அம்மா. இருப்பது பொதட்டூர்பேட்டையில். சுற்றிச் சுற்றி சுப்பர் கொல்லைக்குள்ளேயே இருந்திருக்கிறது என் நம்பர். ஹுசைனா விஷயத்தைச் சொல்லி, ஓடிபி வந்தால் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறாள்.

“போன்ல கேட்டா தர மாட்டேன். நேர்ல வா” என்றாராம் அந்த அம்மா.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஹுசைனாவுக்கு வரவில்லை. “அவங்க சொல்றது நியாயந்தானே? நானா இருந்தாலும் தர மாட்டேன்” என்றாள். நிக்காஹ் பத்திரம், என் பாஸ்போர்ட் நகல், வண்டி வாங்கிய ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். புது வண்டி வாசலில் நிற்க, பேப்பர் கைக்கு வரும்வரை ஊர் எல்லையைத் தாண்டி அதை எடுப்பதில்லை என்று பஸ்ஸில் போனாள். அவள் நேர்மைக்கு முன்னால் நான் எம்மாத்திரம்.

அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். நான் ஒரு காருக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தேன். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மனோரமா எழுந்துபோய்த் தறியை நிறுத்திவிட்டு வந்து போனை வாங்கினார். ஐம்பது வயது இருக்கும். தலையெல்லாம் தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது. பாஸ்போர்ட் போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“போட்டோல தாடி இல்லியே நைனா? கொஞ்சம் திரும்பு.”

திரும்பினேன். திருப்தியானதும் தன் போனை எடுத்துக் காட்டினார். என் வண்டி பற்றி வந்த மெசேஜ் நான்கும் அப்படியே இருந்தன.

“ஒண்ணையும் அழிக்கல. யாருதோ காயிதம், தேவப்படும்னு வச்சுகினு இருக்கேன். ரம்ஜானுக்கு ரம்ஜான் உனக்கு வாழ்த்து வருது. நானும் கும்புடு போட்டு அனுப்பினு இருக்கேன். அந்தத் தபால்காரருகிட்டதான் அவசரப்பட்டு ராங் நம்பர்னு சொல்லிட்டேன். என் தப்புதான்.”

முகம் தெரியாத ஒருவனின் சேதிகளைப் பத்திரமாக வைத்து, அவன் சார்பில் வாழ்த்துக்குப் பதிலும் அனுப்பிவிட்டு, தப்பு என் மேல் என்று வேறு சொல்கிறார். ஸ்பானரை வீசிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“ஏம்பா, வண்டிய ஓட்டப்போறது யாரு?” என்று கேட்டார்.

“ஹுசைனாதாங்க.”

“லோடு பேசினது?”

“அவதாங்க.”

“அப்புறம் எதுக்கு உம் பேர்ல எழுதின?”

ஹுசைனாவைப் பார்த்தேன். எனக்குப் பரிந்து எப்போதும் ஏதாவது சொல்பவள், அன்று நிறுத்திய தறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாம பண்ணிட்டேன்கா” என்றேன்.

“ஆங். நம்பராவது இவளுதப் போடு.”

ஹுசைனா ஆன்லைனில் எழுதிப் போட்டதும் ஓடிபி வந்தது. மனோரமா ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக, இரண்டு தடவை படித்தார். ஹுசைனா தட்டினாள். என் பெயருக்கு நேரே அவள் நம்பர் ஏறியது.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி கார்டு வந்தது. ஒன்றாம் தேதி காலை, ஆந்திர எல்லையில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தியிருக்கிறார். அவள் கார்டை நீட்டியிருக்கிறாள். பார்த்துவிட்டு, போம்மா என்று விட்டிருக்கிறார். புத்தூரில் பண்டல்களை இறக்கிவிட்டு, ஸ்டியரிங் மேல் கை வைத்து ஒரு போட்டோ அனுப்பினாள். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரிடமும் அதைக் காட்டினேன். மேனேஜரிடம் இரண்டு முறை காட்டினேன்.

மனோரமா கேட்ட கேள்வி மட்டும் விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விடுமுறையில், அவளிடம் சொல்லாமல், வண்டியை அவள் பெயருக்கு மாற்ற ஆன்லைனில் உட்கார்ந்தேன். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை. எல்லாம் நிரப்பி முடித்ததும் திரையில் வந்தது: ஓனர் நம்பருக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது.

அது இப்போது அவள் நம்பர். வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அழாத. டைம் முடிஞ்சிடும், அந்த ஓடிபியச் சொல்லு” என்றேன்.

ஹுசைனா சொன்னாள்:

“போன்ல கேட்டா தர மாட்டேன். நேர்ல வாங்க.”