நடு மொட்டு

பக்க மொட்டுகளைக் கிள்ளிவிட்டு நடு மொட்டை மட்டும் விட்டால் ரோஜா உள்ளங்கை அகலம் விரியும். பாண்டிமீனாவின் ரகசியம் அவ்வளவுதான். அதை வைத்தே மதுரைப் பூச்செடிக் கண்காட்சியில் இரண்டு வருடம் சுழற்கோப்பை வாங்கினாள். மூன்றாம் முறையும் வாங்கினால் கோப்பை அவளுக்கே சொந்தம். அலங்காநல்லூர் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இடம்கூட ஒதுக்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. புதுப்பெண் சுபலட்சுமி மேலூரிலிருந்து சீர்வரிசையோடு ஒரு ரோஜாத் தொட்டியும் கொண்டுவந்தாள். கொத்துக் கொத்தாகப் பூக்கும் ரகம். மொட்டைக் கிள்ளச் சொன்னால், "பாவம்க்கா, அதுபாட்டுக்குப் பூக்கட்டும்" என்பாள்.

ஒரு நாள் மாமியார் ரெங்கம்மாள் செடிகள் இருந்த மாடிக்கு ஏறி வந்தாள்.

"ஏத்தா மீனா, சுபா செடியப் பாரு. இம்புட்டு மொட்டு! ஒஞ்செடி ஒத்தப் பனைமரமால்ல நிக்கிது."

"பூத்த பெறகு பேசுங்கத்தே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஒன்பது வருடமாக அவள் செடியைப் பார்க்கக் கூப்பிட்டால் மாமியாருக்கு முட்டிவலி. இன்றைக்கு அந்த முட்டி எங்கே போனது?

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. சுபாவும் பெயர் கொடுத்திருந்தாள். எல்லோரும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த மதியம், பாண்டிமீனா தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்டு மாடியேறினாள். சுபாவின் செடியில் ஏழு கொத்து. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மொட்டு பட்டாணியாய்ப் பருத்திருந்தது. சுற்றியிருந்தவை வெறும் மிளகு. நடு மொட்டு போனால் செடியில் என்ன மிச்சம்? ஏழையும் கிள்ளித் தொட்டிக்குப் பின்னால் போட்டாள். நகத்தில் ஏறிய பச்சையைச் சோப்பு போட்டுக் கழுவினாள்.

சுபா ஒன்றும் கேட்கவில்லை. செடிதான் பதில் சொன்னது. மிளகெல்லாம் பட்டாணியாயின. பட்டாணியெல்லாம் ஒன்றுபோலச் சிவந்தன. பாண்டிமீனா மாடிக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள்.

கண்காட்சியன்று அவள் செடியில் ஒற்றை ரோஜா தாம்பாளமாய் விரிந்திருந்தது. பக்கத்தில் சுபாவின் செடியில் இலையே தெரியவில்லை. அத்தனையும் பூ.

நடுவராக வந்த தோட்டக்கலை ஆசிரியர் சுப்பராமன் குனிந்து ஒரு கொத்தை விலக்கினார்.

"நடு மொட்டக் கிள்ளினது யாரு?"

பாண்டிமீனா விரல்களை முந்தானைக்குள் மறைத்தாள்.

"கொத்து ரோஜாவுக்கு இதுதாம்மா சரி. விட்டிருந்தா நடுப்பூ முந்திப் பூத்து உதிர்ந்துரும், கொத்து பொக்கை வாயா நிக்கும். விஷயம் தெரிஞ்ச கை."

"எங்க அக்கா சார்," என்றாள் சுபா.

கோப்பை சுபாவுக்குப் போனது. பாண்டிமீனாவுக்கு இரண்டாம் பரிசு, ஒரு பிளாஸ்டிக் பூவாளி.

திரும்பும் பஸ்ஸில் இருவர் மடியிலும் தொட்டி.

"ஏழு மொட்டும் பின்னாடி கெடந்துச்சுக்கா," என்றாள் சுபா. "நீங்கதான்னு தெரியும். அன்னைக்கிப் பூரா அழுதேன். அத்தைகிட்டச் சொல்லிரணும்னு இருந்தேன். நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கீங்கன்னு இன்னைக்கித்தான தெரியுது."

நல்லதுக்கு இல்லடி என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ‘விஷயம் தெரிஞ்ச கை’ என்று மிஞ்சியிருக்கும் ஒரே பெயரும் போய்விடும். இன்றைக்கு அவளுக்கென்று யாரோ சொன்னது அது ஒன்றுதான். அதையும் சுபா எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கோப்பையைவிட அதுதான் பொறுக்கவில்லை.

"டிவிக்குப் பக்கத்துல எடம் இருக்கு," என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "தொடச்சுத்தான் வச்சிருக்கேன்."