கோமதி சொன்ன பெயர்

இணைய மன்றத்துத் திரியின் தலையில் இனிமேல் என் பெயர்தான் வர வேண்டும் என்று ரோஸ்மேரி கேட்டது, போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஏழு இருபத்தைந்துக்கு, அனுப்பர்பாளையத்தில் சண்முகப்பிரியாவின் வீட்டு ஹாலில். அதை மட்டும் கேட்கவே கூடாது என்று ரோஸ்மேரியின் அப்பா சகாயராஜ் சொல்லி வளர்த்திருந்தார். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களாக, ‘கோமதியின் சாவிக்கொத்து’ என்ற ஏழரை மணி நாடகத்தின் நாயகி, தலைப்புப் பாட்டு முடிந்ததும் இரண்டு கையையும் கூப்பி, “நன்றி சண்முகப்பிரியாக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் அன்றைய கதைக்குள் போவாள். முதலிபாளையம் தொடங்கி பெருமாநல்லூர் வரைக்கும் உள்ள டிவிகளில் மட்டும் இப்படி. அவிநாசி தாண்டினால் கிடையாது. கேபிள்காரர் அப்புசாமி வந்து ஒயரை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். “இது சேனல்ல வர்றதில்லீங்க. இங்க வந்துதான் சேந்துக்குது” என்று சொல்லிவிட்டு, எப்போதும் வாங்கும் மாத வாடகையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கோமதி நன்றி சொன்னது ஒரு வேலைக்காக. சண்முகப்பிரியாவின் அப்பா ஆறுமுகசாமியின் ஏற்றுமதி கம்பெனி, பனியன் தொழிலில் இருப்பவர்களுக்காக ஓர் இணைய மன்றம் நடத்தியது. நூல் விலை, ஆள் தேவை, வாடகை வீடு என்று ஆரம்பித்தது. மூன்று மாதத்தில் டிவி பகுதி ஒன்றுதான் அதில் உயிரோடு இருந்தது. ஆளாளுக்கு ஒரு திரியைத் திறந்து, ஒரே அழுகையைப் பதினேழு இடத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். அதை ஒழுங்கு செய்ய, கம்பெனியில் என்ட்ரி போட்டுக்கொண்டிருந்த ரோஸ்மேரியை உட்கார வைத்தார்கள். பி.சி.ஏ. முடித்தவள், அவள் வம்சத்தில் முதல் பட்டதாரி. ஒரு நாள் கதைக்கு ஒரே திரி என்று கொண்டுவந்தாள். சிதறிக் கிடந்தவற்றை இழுத்துச் சேர்த்தாள். கதையை முன்கூட்டியே உடைப்பவர்களுக்குத் தனித்திரி ஒதுக்கினாள். மாமியாராக நடிப்பவளைச் சாதி சொல்லித் திட்டியவர்களை வெளியே தள்ளினாள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பதிவில், நேற்று நடந்ததை ஆறே வரியில் எழுதினாள். ஓவர்டைம் பார்த்து நாடகத்தைத் தவறவிட்டவர்கள் காலை டீ டைமில் அதை வாசித்துவிட்டுத்தான் மெஷினில் உட்கார்ந்தார்கள். பீகாரிலிருந்து வந்த செக்கிங் பெண்கள் பக்கத்தில் இருப்பவர்களை வாசித்துச் சொல்லச் சொன்னார்கள்.

பாஸ்வேர்டைக் கையில் வாங்கிய முதல் நாளில், “யார் பேர்லக்கா போடணும்?” என்று சண்முகப்பிரியாவிடம் கேட்டவள் ரோஸ்மேரிதான். யாரும் அவளைக் கேட்கச் சொல்லவில்லை. ஜாப் ஒர்க் ஓடும் வீட்டில் வளர்ந்த எவரும் அப்படித்தான் கேட்பார்கள். வெட்டுவதும் தைப்பதும் ஒரு இடம், கழுத்தில் வரும் லேபிள் வேறு இடம், சரக்கு இறங்கியதும் எந்த லேபிள் என்று கேட்டுக்கொண்டுதான் கத்தரியையே எடுப்பார்கள். “எம் பேர்லயே போட்ருங்க கண்ணு” என்றாள் சண்முகப்பிரியா, போனிலிருந்து தலையை எடுக்காமல். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் ரோஸ்மேரிக்குத் திட்டுவதற்கு ஒரு ஆளாவது இருந்திருக்கும்.

நாற்பத்தோராவது நாள் கோமதி முதல்முறையாக அந்தப் பெயரைச் சொன்னாள். அதன் பிறகு கம்பெனிகள் ஷிப்டை ஏழேகாலுக்கு முடித்தன. கல்யாணப் பத்திரிகைகள் முதலில் சண்முகப்பிரியாவின் வீட்டுக்குப் போயின. முருகன் கோயில் வரிசையில் பெண்கள் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்கள். ரோஸ்மேரி இதையெல்லாம் பார்த்தாள். அவள் எந்தக் கிழமை எந்தச் சேலை கட்டுகிறாள் என்பது இவளுக்கு மனப்பாடம். அவள் காது கொஞ்சம் பெரிசு என்று கண்டுபிடித்து இரண்டு நாள் நிம்மதியாக இருந்தாள். மூன்றாம் நாள் அந்தக் காதுக்கு ஜிமிக்கி பொருந்தியிருந்ததைப் பார்த்துவிட்டாள். கோமதி கை கூப்பியதும், ஏழு முப்பத்தொன்றுக்கு, ரோஸ்மேரியின் வீட்டில் இருக்கும் பால் உறை ஊற்றாமலேயே தயிராகிவிடும். லைன் வீட்டின் எட்டுக் குடும்பமும் ஏழரைக்குள் பால் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவர்கள் வாசலில் வைக்கப் பழகிக்கொண்டன. கெட்டித் தயிர்தான், புளிப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்கள்.

“அவ பேரச் சொன்னா ஒனக்கு என்னட்டி கொறையுது?” என்றாள் அம்மா.

“ஒம் பேரச் சொல்லி யாராச்சும் கூப்பிட்டிருந்தா ஒனக்குத் தெரியும்.”

அம்மா தயிர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பாதான் கிட்டுசாமியின் கதையை மறுபடி எடுத்தார். கிட்டுசாமி முதலிபாளையத்தில் பன்னிரண்டு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்தவர். ஒரே ஒரு லாட்டிலாவது என் லேபிளும் வரட்டும் என்று ஒரு பெரிய கம்பெனியில் போய்க் கேட்டார். மூன்றாம் நாளிலிருந்து அவருடைய வாசல் லாரிகளின் கண்ணுக்குத் தெரியாமல் போனது. டிரைவர்கள் அதே சந்தில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். “லீவு கேளு, கூலி கேளு, சண்டகூடப் போடு. லேபிள மட்டும் கேட்றாதட்டி” என்றார் சகாயராஜ்.

இதெல்லாம் தெரிந்துதான் அந்த வெள்ளிக்கிழமை ரோஸ்மேரி கேட்டாள். சண்முகப்பிரியா கோபப்படவில்லை. காப்பி டம்ளரை இவள் பக்கம் நகர்த்தினாள். டிவியில் பாட்டு முடிந்தது, கோமதி கை கூப்பினாள், பெயரைச் சொன்னாள்.

“பாத்தீங்களா?” என்றாள் சண்முகப்பிரியா.

“தெனமும்தான் பாக்குறேன்.”

“அவ கண்ணப் பாருங்க கண்ணு. எம் பேரத்தான் சொல்றா, என்னயப் பாக்கறதில்ல. கெழக்கால பாக்கறா, முதலிபாளையம் பக்கமா. இந்த டிவிய மூணு செவுத்துல மாத்தி மாட்டிட்டனுங்க. எங்க மாட்டினாலும் ஓரக்கண்ணுல உங்க ஊட்டப் பாத்துட்டுதான் சொல்றா. ரெண்டு வருசமா எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க.”

இதைக் கேட்டதும் ரோஸ்மேரி தன் உள்ளே ஏதாவது ஆறுகிறதா என்று பார்த்தாள். ஆறவில்லை. அவள் பட்ட பொறாமையின்மீதும் இவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. டிவியை மாற்றி மாட்ட மூன்று சுவர் இருக்கிற வீட்டில் படும் பொறாமை.

“அது தெரிஞ்சும் நீங்க எம் பேரப் போடலியேக்கா.”

“போட்டுட்டா அப்பறம் எனக்குன்னு என்ன இருக்குதுங்க?” என்றாள் சண்முகப்பிரியா. அது நிஜமாகவே கேட்ட கேள்வி. பிறகு குரலை இறக்கி, “கீழ ஓரமா, சின்ன எழுத்துல, உதவி ரோஸ்மேரின்னு போட்டுக்கலாங்களா?”

“ஓரம் வேண்டாங்க்கா.”

காப்பியைத் தொடாமல் எழுந்தாள். அதே நேரம் டிவியில் மாமியார் கத்திக்கொண்டிருக்க, கோமதி இடுப்புச் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரையின் ஓரமாக நடந்து வெளியே போய்விட்டாள். மாமியார் காலி நாற்காலியைப் பார்த்து மீதி வசனத்தையும் பேசி முடித்தாள். அவிநாசிக்கு அந்தப் பக்கம் கோமதி இன்றைக்கும் நடித்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கம் திங்கட்கிழமையே வேறொரு பெண் வந்து, கோமதிக்குப் பதில் இவர் என்று கீழே எழுத்து ஓடியது. நாடகத்தில் ஆள் மாறுவது வழக்கம்தானே என்று ஜனங்கள் விட்டுவிட்டார்கள். புதிய பெண் யாருக்கும் நன்றி சொல்வதில்லை.

“பாஸ்வேர்டு உங்களுக்குத்தான் தெரியும், நாளைக்கு யாருங்க எழுதறது?” என்று அந்த வெள்ளிக்கிழமை சண்முகப்பிரியா கேட்டபோது ரோஸ்மேரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். பாஸ்வேர்டு மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தது. உள்ளே வந்ததும் அவள் முதலில் வைத்தது அதைத்தான். அன்று மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், வேறொரு இலவசத் தளத்தில், யாரும் வராத ஒரு மன்றத்தில், ரோஸ்மேரி சகாயராஜ் என்று முழுப்பெயரையும் போட்டு முதல் திரியைத் திறந்து ஆறு வரி எழுதிவிட்டுத்தான் அவள் இங்கே வர பஸ் ஏறியிருந்தாள். கேட்டைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.