ஹாலுக்குப் போன தலையணை

பழுதான சலவை இயந்திரங்களுக்காகத் திட்டு வாங்கும் தொலைபேசிப் பிரிவில் அவருக்கு இது பன்னிரண்டாவது வருஷம். ஒவ்வொரு மேசையிலும் உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்று உண்டு. எதிர்முனையில் யார் என்ன சொன்னாலும் அதைப் பார்த்துச் சிரித்தபடியே பேச வேண்டும். சிரிப்பு குரலில் கேட்குமாம். அவரும் சளைக்காமல் சிரித்தார்.

காலையில் எழும்போதே நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். கொட்டாவி விட்டால் காதோரம் 'டக்'கென்று சத்தம். மூக்குக்கண்ணாடியை மாற்றினார், தலையணையை மாற்றினார். மனைவி காரணம் சொல்லாமல் ஒரு பூச்சி மாத்திரையை நீட்ட, அதையும் கேள்வி கேட்காமல் விழுங்கினார். அடுத்த மாதம் அவள் தன் தலையணையோடு ஹாலுக்குப் போய்விட்டாள். என்ன கோபமோ என்று நினைத்தாரே தவிர, கேட்கவில்லை. கேட்கத் தெம்பு வேண்டுமே.

ஒரு காலை, ரொட்டியைக் கடித்தவருக்குக் கடைவாய்ப் பல்லின் ஓரம் பெயர்ந்து வந்தது.

"ரொட்டிக்கு ஒண்ணும் ஆகலை டாக்டர்" என்றார், பல் மருத்துவரிடம்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "பல்லெல்லாம் தேஞ்சு தட்டையாயிருக்கு. தூக்கத்துல நறநறன்னு கடிப்பீங்களா?"

"தூங்கும்போது நான் எங்க கேக்குறது?"

"பக்கத்துல படுக்கிறவங்களுக்குக் கேக்குமே."

கூட வந்திருந்த மனைவி கைப்பையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒரு வருஷமா, டாக்டர். கல்லை அரைக்கிற மாதிரி. வயித்துல பூச்சியா இருக்கும்னு மாத்திரைகூடக் குடுத்தேன்."

"அதுக்கா ஹாலுக்குப் போனே? சொல்லியிருக்கலாமே!"

"நாள் பூரா ஊர்ப் புகாரைக் கேட்டுட்டு வர்றீங்க. நானும் ஒண்ணு சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

"பூச்சிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைம்மா" என்றார் மருத்துவர். "மனசுல இறுக்கம் இருந்தா இது கூடும். அளவெடுத்துப் பல்லுக்கு ஒரு உறை செஞ்சு தர்றேன், தூங்கும்போது மாட்டிக்குங்க. அது பல்லைக் காப்பாத்தும், கடிக்கிறதை நிறுத்தாது. பகல்ல நீங்கதான் கவனிக்கணும். சாப்பிடுற நேரம் போக, உதடு மூடியிருந்தாலும் பல்லு ஒண்ணோடொண்ணு ஒட்டக் கூடாது."

மறுநாள் ஒருவர் அவரைக் குடும்பத்தோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருக்கும்போது கண்ணாடியைப் பார்த்தார். உதடு சிரித்தது, தாடையோரம் கோலிக்குண்டு போல் சதை புடைத்து நின்றது. பன்னிரண்டு வருஷமாக உதட்டை மட்டுமே பார்த்திருக்கிறார். மெல்லப் பல்லை விலக்கினார். தோள்கூடச் சற்று இறங்கியது.

உறை மாட்டத் தொடங்கிப் பத்து நாளில் தலைவலி பாதியானது. உறைக்குள் சத்தமும் அமுங்கிவிட, அந்த வாரமே மனைவியின் தலையணை பழைய இடத்துக்குத் திரும்பியது. அவர்தான் இந்த முறை வாயைத் திறந்து, "இனிமே எதுன்னாலும் சொல்லிடு, எனக்குப் புகார் கேட்டுப் பழக்கம்தான்" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் முதல் அழைப்பு ஒரு பெண்மணி. "மூணு மாசமா மிஷின் கரகரன்னு அரைக்குது சார். தானாச் சரியாயிடும்னு பொறுத்துக்கிட்டேன்."

"நானும் அப்படித்தாம்மா இருந்தேன். சத்தம் கேட்ட அன்னைக்கே கேக்கிறவங்களும் சொல்லிடணும், நாமளும் காட்டிடணும். சொல்லாமப் பொறுத்துக்கிட்டே இருந்தா உள்ளுக்குள்ள தேஞ்சுதான் போகும்."

"சார், நீங்க மிஷினைத்தானே சொல்றீங்க?"