டெல்மரின் ரைஃபிள் இன்னும் தயாராகவில்லை

டெல்மர் கடைக்குள் வந்து ஒரு பெட்டி தோட்டா கேட்டான். வேறு யாராவது கேட்டிருந்தால் அலமாரியைத் திறந்து கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்திருப்பேன். துப்பாக்கிக் கடையில் தோட்டா கேட்பது மளிகைக் கடையில் உப்பு கேட்பது மாதிரி. ஆனால் அவன் கேட்டபோது நான் அலமாரியைத் திறக்கவில்லை.

டெல்மர் என் அக்கா ஆர்லீனின் கணவன். ஆர்லீன் ஜனவரியில் போய்விட்டாள். அவள் படுக்கையில் இருந்தபோதே, பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று இலையுதிர் காலத்தில் மாடுகளையெல்லாம் விற்றுவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை நாயையும் பக்கத்துப் பண்ணைக்காரனுக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவன் வண்டியின் முன் சீட்டை என் அக்காவுக்குக்கூட விட்டுக்கொடுக்காத நாய் அது. குளிர்காலம் முழுக்கத் தாடியும் அழுக்குச் சட்டையுமாகத் திரிந்தவன், அன்று வழவழவென்று சவரம் செய்து, பூட்ஸைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது.

"எதுக்குத் தோட்டா?" என்றேன்.

"நரித் தொல்லை."

"உங்கிட்டதான் ஒரு கன்னுக்குட்டிகூட இல்லையே. நரி எதைத் திங்க வருது, உன்னையா?"

"வந்தா தின்னுட்டுப் போகட்டும்," என்றான். சிரிக்கவில்லை.

அப்போதே நேராகக் கேட்டிருக்க வேண்டும். கிழக்கு மொன்டானாவில் எங்கள் ஊர்க்காரர்களுடன் துப்பாக்கியைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். அந்தக் கட்டை வழுக்கும், இந்த விசை கனமாக இருக்கும், தாத்தா சுட்ட மான், மாமா தவறவிட்ட மான் என்று முடிவே இருக்காது. மனசுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க மட்டும் ஒருத்தருக்கும் நாக்கு எழும்பாது. எனக்கும் எழும்பவில்லை. தோட்டா இல்லை என்று சொன்னால் அடுத்த ஊருக்குப் போவான். அங்கே இருப்பவனுக்கு டெல்மர் யாரென்றே தெரியாது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே பேச்சைப் பேசினேன்.

"குறி பாக்க அந்த இரும்பு சைட்டையா இன்னும் வெச்சிருக்க? உன் கண்ணுக்கு நரி எங்க தெரியும், நரி நிக்கிற குன்றுகூடத் தெரியாது."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"ரைஃபிளைக் கொண்டா பாக்கலாம்."

ரோஷம் வந்துவிட்டது. வண்டிக்குப் போய் எடுத்து வந்தான். ஒரு முறை சுட்டால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்று இருக்கும். இது நானே அவனுக்கு விற்றதுதான். கடை வழக்கப்படி தோட்டா ஏறும் வாயைத் திறந்து, காலி என்று காட்டிவிட்டுக் கண்ணாடி மேசைமேல் வைத்தான்.

"உனக்கு ஒரு சிவப்புப் புள்ளி சைட்டு மாட்டி விட்டுடறேன். வயசானவங்களுக்கு அதான் சுலபம்," என்றேன்.

"என்னை என்ன வீடியோ கேம் ஆடற பயன்னு நெனச்சியா? எதுவும் வேணாம் வெர்னா. தோட்டாவைக் குடு, நான் போறேன்."

துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கிக் குழாய்களை, ஸ்கோப்புகளை, எடுத்து வரிசையாக வைத்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கரைந்து சேறாகிக்கொண்டிருந்த பனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல், கடையிலேயே பெரிய ஸ்கோப்பை, இரண்டு வருஷமாக யாரும் சீண்டாமல் கிடந்ததைத் தூக்கி அவன் முன்னால் வைத்து, "உனக்கு இதுதான் சரி. இருபத்தஞ்சு மடங்கு பெருசாக் காட்டும்," என்றேன்.

டெல்மரால் அதைத் தாங்க முடியவில்லை.

"இருபத்தஞ்சு மடங்கா? எதுக்கு, நிலாவுல மாடு மேயுதான்னு பாக்கவா? நரி நூறு கஜத்துல ஓடும்டி. இதுல பாத்தா அதோட ஒரு மயிரு மட்டும் தெரியும். பெருசாக் காட்டறது முக்கியமில்ல, அந்தி வெளிச்சத்துல தெளிவாக் காட்டணும். எத்தனை வருஷமா கடை நடத்தற நீ?"

"அப்ப நீயே எடு, பெரிய மனுஷா."

எடுத்தான். ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்து, எதிரே இருந்த தானியக் கிடங்கின் மேல் எழுதியிருந்த பெயரைப் படித்துப் பார்த்தான். ஒன்றில் எழுத்தின் ஓரம் மங்குகிறது என்றான். ஒன்றின் திருகு சொதசொதவென்று சுற்றுகிறது என்றான். இன்னொன்றில் அந்தப் பெயரை இரண்டு முறை படித்தான். "இது பரவால்ல," என்றான். கடைக்குள் வந்தபோது இல்லாத ஏதோ ஒன்று அவன் குரலில் இருந்தது. துளிதான். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இதை மாட்டற வளையம் இல்ல. வரவழைக்கணும். ரைஃபிளை விட்டுட்டுப் போ."

வளையம் மேசைக்கு அடியில் ஒரு டப்பா நிறைய இருந்தது. அதைக் காலால் உள்ளே தள்ளினேன்.

"சரி, தோட்டா?"

"ஸ்கோப்பை மாட்டிச் சுட்டுப் பாத்தாதானே இந்த ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா சேருதுன்னு தெரியும்?"

என்னையே பார்த்தான். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு போனான். வண்டி தெருமுனை திரும்பும்வரை ஜன்னலோரமே நின்றேன்.

என் கணவன் லைல் பின்பக்கப் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "வளையம்தான் டப்பா நிறைய இருக்கே?"

"இருக்கு. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். லைல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அது அவன் பொருள் வெர்னா. நாளைக்கே வந்து குடுன்னா குடுத்துதான் ஆகணும். எத்தனை நாள் பிடிச்சு வெப்ப?"

"அவன் சாகறதுக்கு நான் ஸ்கோப் மாட்டிக் குடுக்கணுமா?" என்று கத்தினேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது தெரிந்தது. லைல் தட்டைத் தள்ளி வைத்தான். நானும் சாப்பிடவில்லை.

வளையம் 'வந்து சேர' ஒரு வாரம் ஆக்கினேன். அதற்குமேல் இழுக்க முடியவில்லை. ஸ்கோப் மாட்டும்போது நான் கடையின் கோடிச் சுவரில் கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுவேன். துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நேராக்கி, ஸ்கோப் வழியாக அந்தக் கயிற்றைப் பார்த்து, உள்ளே இருக்கும் குறுக்குக் கோடு கயிற்றோடு ஒட்டி நிற்கும்வரை திருப்புவேன். வெர்னா மாட்டினால் நூல் பிடித்தது போல இருக்கும் என்று இந்த வட்டாரத்தில் பெயர். அந்தப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, டெல்மரின் ஸ்கோப்பைக் கொஞ்சம் சாய்த்துத் திருகை இறுக்கினேன். பண்ணை வேலியில் ஒரு கம்பு சாய்ந்திருந்தாலே அவனுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. கோணலை மட்டும் அவனால் பொறுக்க முடியாது.

லைல் கண்ணை வைத்துப் பார்த்தான். "குடிச்சிருக்கியா?"

"வேணும்னேதான்."

திருப்புளியை எடுத்து என் கையில் கொடுத்தான். "இது பத்தாது. இன்னும் கொஞ்சம் சாச்சு விடு," என்றான்.

டெல்மர் வந்தான். தோளில் வைத்துப் பார்த்தான். இறக்கினான். மறுபடி வைத்துப் பார்த்தான்.

"கோணலா இருக்கு."

"உன் தலை கோணல்."

"வெர்னா, கிடங்கே சாஞ்சு நிக்குது இதுல! இதை மாட்டினது யாரு, கோழியா?"

"அப்ப விட்டுட்டுப் போ, சரி பண்றேன். திருகுல போடற பசை காயணும், உடனே கேக்காத."

இப்படித்தான் மார்ச் போயிற்று. கோணலைச் சரிசெய்து அந்தப் பக்கம் சாய்த்தேன். பிறகு ரைஃபிளைத் தோளில் முட்டுக்கொடுக்கும் பின்கட்டை அவனுக்குக் குட்டை என்றேன். வேறு கட்டை தருவித்தேன். அதன் நிறம் அவனுக்குப் பிடிக்கவில்லை. முன்னால் மடக்கு ஸ்டாண்ட் வைக்கலாமா, வேண்டாமா என்று ஒரு வாரம் சண்டை. காலையில் கடை திறந்ததும் அவன் வீட்டுக்கு போன் போட்டு, "தோள்வார் தோல்ல வேணுமா, நைலான்லயா?" என்று கேட்பேன். மணி அடிக்கும். அடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் எடுத்து, "அதுக்கா இப்ப கூப்புட்ட?" என்று எரிந்து விழுவான். எனக்கு அந்த எரிச்சல் தேனாக இனிக்கும். போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் அழுவேன்.

அவன் தேறிவிட்டான் என்று சொல்ல முடியாது. சட்டை தொளதொளத்துக்கொண்டே போனது. காபி கொடுத்தால் கையில் வைத்தபடியே ஆறவிட்டான். ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "ஆர்லீன் துணியெல்லாம் தேவாலயத்துல குடுத்துட்டேன்," என்றான். நானோ தோள்வார் கொக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வாய் எனக்கு.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் காலை போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். லைல் அரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"வெர்னா, ஆர்லீன் துப்பாக்கி எங்க?"

"எது?"

"பாம்படிக்க வெச்சிருந்தாளே. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னாடி."

என் தலையில் இடி விழுந்தது. அந்த ஷாட்கன்னை அவள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். சுவரில் ஆணி அடித்து மாட்டியதும் நான்தான். ஒரு மாதமாக ஒரே ஒரு ரைஃபிளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். இந்த ஊரில் எந்த வீட்டில் ஒரே ஒரு துப்பாக்கி இருக்கிறது? அது எனக்குத் தெரியாதா? துப்பாக்கி விற்றே பிழைப்பவள், துடைப்பம் போலக் கதவுக்குப் பின்னால் தொங்கியதைத் துடைப்பமாகவே நினைத்துவிட்டேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். பனி உருகிய மண்சாலை பசை மாதிரி சக்கரத்தைப் பிடித்து இழுத்தது. கடவுளை வேண்டினேன். நடுநடுவே அவரையே வைதேன். ஆர்லீனையும் வைதேன்.

வீட்டு வாசலில் அவன் வண்டி இல்லை. கதவு பூட்டவில்லை. சமையல்கட்டு பளிச்சென்று இருந்தது. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து, துணியை மடித்து வைத்திருந்தான். கதவை இழுத்துப் பின்னால் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது.

"டெல்மர்!" என்று கத்தினேன். தொழுவத்தில் கத்தினேன். கிணற்றடியில் கத்தினேன். மாடில்லாத பண்ணை அது, ஒரு சத்தமும் திரும்பி வரவில்லை. ஆர்லீனைப் புதைத்த மேட்டுக்கு வண்டியை விட்டேன். அங்கே புது டயர் தடம் இருந்தது, ஆள் இல்லை. கல்லுக்கு முன்னால் சேற்றில் பூட்ஸ் தடம். என் செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. அந்தச் சேற்றிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து, "உன் புருஷனை விட்டுட்டேன்டி, காப்பாத்தத் தெரியல எனக்கு," என்று என் அக்காவிடம் சொன்னேன்.

ஷெரீஃபைக் கூப்பிட வேண்டும் என்று ஊருக்குத் திரும்பினேன். கடை வாசலில் டெல்மரின் வண்டி நின்றது.

எப்படி இறங்கினேன், எப்படிக் கதவைத் திறந்தேன் என்று தெரியாது. உள்ளே அவனும் லைலும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி மேசைமேல் ஆர்லீனின் ஷாட்கன் வாய் திறந்து, காலியாகக் கிடந்தது. பக்கத்தில் அவன் அப்பாவின் பழைய ரிவால்வர். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

"நல்ல கடைக்காரி. வியாபார நேரத்துல ஊர் சுத்தப் போயிட்ட," என்றான். அவன் பூட்ஸில் அந்த மேட்டுச் சேறு இருந்தது. என் முழங்காலிலும் அதே சேறு. அவன் அதைப் பார்த்தான்.

பிறகு ஷாட்கன்னைக் காட்டினான். "இதுலயும் ஸ்கோப் கோணலா இருக்கு, வெர்னா."

அதில் ஸ்கோப்பே இல்லை. ரிவால்வரிலும் இல்லை.

"நீ மாட்டின ஸ்கோப் கோணலா இருந்து இந்த ஊர்ல யாராவது பாத்திருக்காங்களா?" என்றான். "ரெண்டாவது தடவையே தெரிஞ்சுபோச்சு. சரி, இந்தக் கிறுக்கச்சி அடுத்து என்ன சாக்கு சொல்றான்னு பாக்கலாம்னுதான் ஒவ்வொரு வாரமும்..." தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

ஒரு மாதமாக வராத நாக்கு அப்போதுதான் எழும்பியது. "டெல்மர், செத்துப்போயிடணும்னு நெனச்சியா?"

"இன்னிக்குக் காலையிலகூட," என்றான். "இதை எடுத்துக்கிட்டு அவகிட்டதான் போனேன். வண்டியில ஏறும்போது உள்ள போன் அடிச்சுது. நீதான்னு தெரியும். மறுபடியும் அடிச்சுது. எடுக்கல. அங்க போய் நின்னா, அதே மணிதான் காதுல அடிச்சுக்கிட்டே இருக்கு." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "லைல் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேங்கறான். போறேன்னு சொல்லிட்டேன். ஆனா இதெல்லாம் வீட்ல இருக்க வேணாம்."

ஷாட்கன்னைக் கையில் எடுத்தேன். ஸ்கோப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெறும் காற்றை உற்றுப் பார்த்தேன். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆமா," என்றேன். "படுகோணல். ரொம்ப நாளாகும்."

"ஆகட்டும். அவசரமே இல்ல," என்றான் டெல்மர். "ரைஃபிளும் அங்கயே கிடக்கட்டும். அந்தக் கட்டை நிறம் எனக்கு இன்னும் பிடிக்கல."