சிவப்பு மையில் இரண்டு கோடு

பொத்தேரிக் கல்லூரியில் கோதை ஆங்கிலக் கவிதை நடத்துகிற வேகமே தனி. பூ என்றால் இளமை, அலை என்றால் காலம், உறக்கம் என்றால் மரணம் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போவாள். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொள்வார்கள். பரீட்சைக்கு அது போதும். கவிஞன் எதற்காக அழுதான் என்று யாருக்கு அக்கறை?

அன்று மதியம் அவளைத் தேடி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தவள் எல்லம்மாள். நெம்மேலிக்காரி, மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் ரூம் பெருக்கும் வேலை. மகள் ரோகிணி கோதையின் வகுப்பில் படித்தவள். ஒரு மாதத்துக்கு முன், சாயங்காலம் கல்லூரி விட்டுத் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனாள். கவனிக்காமல் கடந்திருக்கிறாள் என்றது போலீஸ். தானே போய் நின்றாள் என்றது ஊர். ஊர் வாயை யார் மூடுவது!

எல்லம்மாள் பையிலிருந்து மகளின் நோட்டை எடுத்து, எழுதியிருந்த கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

"அன்னிக்கி காலைல நான் திட்டிட்டேன் டீச்சர். நாஸ்தாகூட துன்னாம பூட்டா. இதுல சாவப் பத்தி எழுதிகீறான்னு பக்கத்து வூட்டு ஜோயல் படிச்சி சொன்னான். பாருங்க, இதுக்கு மட்டும் சேப்பு மையில ரெண்டு கோடு போட்டுகீறா. எனக்குத்தான் எழுதி வச்சிட்டுப் பூட்டாளா?"

கோதை ஆங்கில வரியைப் படித்தாள். பூவுக்குச் சாவு தண்டனையல்ல. களைத்த பிறகு கிடைக்கும் உறக்கம். எட்டு வரிக் கவிதைக்குப் பத்து மார்க் விடையாக அவளே சொல்லி எழுதவைத்த வாக்கியம் அது. திருத்துகிறவர் கண்ணில் படட்டும் என்று கோடு போடச் சொன்னதும் அவள்தான்.

"இது ரோகிணி சொன்னது இல்லம்மா. நான் கிளாஸ்ல சொன்னது. எல்லார் நோட்டுலயும் இதே வரி, இதே கோடு இருக்கும்."

"அப்ப அவ வேணும்னு போவலியா?"

ஒரு நோட்டுப் பக்கத்தை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. கோதைக்கும் அது தெரியும். ஆனாலும், "போகலம்மா" என்றாள்.

எல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மாதமாக அடைத்துக் கிடந்த மூச்சு வெளியே வந்தது. நோட்டை மூடப் போனவள், என்ன நினைத்தாளோ, மகளின் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாமே நீங்க சொன்னதா?"

"ஆமாம்மா."

"தெனிக்கும் தலமாட்டுல வச்சிகினு படுத்தேன் டீச்சர். என்னத் திட்டியாவது எழுதிகீறாளேன்னு இருந்தேன். அப்ப எனக்குன்னு அவ ஒண்ணுமே சொல்லிட்டுப் போவலியா?"